நெய் மணக்கும் கோதுமை பீர்

செங்கோட்டையன் வீட்டில் சாப்பிடும்போது இலைக்கு மேல் கையை விரித்துப் பிடித்தால், அதை ‘போதும்’ என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘இன்னொரு தடவை கேளுங்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கேட்பார்கள், கையை எடுக்க வைப்பார்கள், ஊற்றியும் விடுவார்கள். ஊற்றியது யாருக்காவது பிடிக்காமல் போனதாக அந்த வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. அங்கே ‘நல்லா இருக்குதுங்க’ என்பது ருசியைப் பற்றிய பேச்சே கிடையாது. வந்ததும் வணக்கம் சொல்வதைப் போல, எழுந்து கை கழுவப் போகுமுன் அதையும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எது எப்படி இருக்கிறதென்று உள்ளதை உள்ளபடி சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற ஒருத்தி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள். வந்து மாட்டிக்கொண்டாள் என்றும் சொல்லலாம்.

நித்யஸ்ரீக்குப் பெங்களூரில் ஒரு பீர் கம்பெனியில் வேலை. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஜெர்மனிக்கும் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவள். காலை நேரத்தில், வாசனையே இல்லாத ஒரு வெள்ளை அறையில் உட்கார்ந்து, தொட்டிகளிலிருந்து வரும் பீரை முகர்ந்து, குடித்து, என்ன குறை என்று சொல்ல வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அந்தத் தொட்டி கடைக்குப் போகாது. அடுத்த மாதத்திலிருந்து ருசி பார்க்கும் குழுவுக்கே அவள்தான் தலைவி என்று போன வாரம் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பல்லடத்து மாமனார் வீட்டில் இதில் ஒரு வார்த்தை யாருக்கும் தெரியாது. கல்யாணம் பேசும்போதே செங்கோட்டையனின் மகன் கிருபாசங்கர் அவளிடம் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டான்.

“பிஸ்கட் கம்பெனின்னு சொல்லிரு நித்யா. பீருன்னு தெரிஞ்சா அப்பா உன்னைத் திரும்ப பெங்களூருக்கு அனுப்பவே மாட்டாரு.”

பிஸ்கட் என்று அவனுக்குத் தோன்றியதற்கும் காரணம் உண்டு. ஒரு பீருக்கும் அடுத்த பீருக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்துகொள்ள உப்பில்லாத பிஸ்கட்டும் தண்ணீரும் மேசை மேல் இருக்கும். ஆகவே முழுப் பொய் இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பொய்க்குத் தீனி போட்டு மாளவில்லை. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பக்கத்துத் தெரு பேக்கரியில் பிஸ்கட் வாங்கி, பேக்கரி பெயர் போட்ட பையை வழியிலேயே எறிந்துவிட்டு, “கம்பெனியில குடுத்தாங்க அத்தை” என்று நீட்டுவாள். மாமியார் குழந்தையம்மாள் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தட்டில் வைத்து, “என்ற மருமக செய்யற பிஸ்கட்டுங்க” என்பாள். எல்லோரும் நல்லா இருக்குதுங்க என்பார்கள். போன தடவை கொண்டுவந்தது நமுத்துப்போயிருந்தது. அதையும் நல்லா இருக்குதுங்க என்றார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆனி மாதக் கடைசி. மாப்பிள்ளை விருந்து. கிருபாசங்கரின் அக்கா லோகப்பிரியாவின் புருசன் சாய்குமார் வந்திருந்தார். கோயமுத்தூர் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டு, கடைக்குள்ளேயே பீர் காய்ச்சி ஊற்றிக் கொடுக்கிற கடை ஒன்றைப் பெங்களூரில் ஆரம்பிக்கிறார். மாமியாரிடம் ஓட்டல் என்று சொல்லியிருந்தார். ஆடி பிறந்துவிட்டால் எதையும் தொடங்க முடியாது என்பதால் வருகிற வெள்ளிக்கிழமையே திறப்பு விழா. கடையின் முதல் சரக்கு, ஜெர்மன் முறையில் காய்ச்சிய கோதுமை பீர். அதிலும் சாதாரண ரகமில்லை, பனிக்காலத்துக்கென்று அவர்கள் காய்ச்சுகிற கனத்த ரகம், போதையும் அதிகம்.

அதன் பாட்டில்கள் செங்கோட்டையனின் கோழிக்குஞ்சு வண்டியில்தான் வந்தன. குஞ்சுகளைப் பெங்களூரில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய கூடைகளுக்கு அடியில், ஐஸ் பெட்டிக்குள். ஓசூர் எல்லைச் சோதனைச் சாவடியை எப்படித் தாண்டியது என்று யாரும் கேட்கவில்லை. மாடியில் ஏசி அறையைச் சாத்திக்கொண்டு மாமனார், மாப்பிள்ளை, மகன் மூவரும் உட்கார்ந்தார்கள். கீழே இருக்கும் பெண்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஏற்பாடு. தெரியாதவர்களாக இருப்பது பெண்களின் பொறுப்பு.

“மோர் டம்ளரு, கழுவி மேல அனுப்பு அம்மணி” என்று குழந்தையம்மாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து சிங்க்கில் வைத்துவிட்டுப் போனாள். முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை.

நித்யஸ்ரீ ஒரு டம்ளரை எடுத்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பழுப்பு நிறம், கலங்கல், ஓரத்தில் கெட்டியான நுரை இன்னும் உடையாமல் ஒட்டியிருந்தது. வேண்டாம் என்று மனம் சொல்வதற்குள் மூக்கு போய்விட்டது. முதலில் கிராம்பு. அதற்குப் பின்னால் தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழம். அதற்கும் பின்னால் பேரீச்சை, ரொட்டியின் மொறுமொறுத்த ஓரம். அட, நன்றாகத்தானே பண்ணியிருக்கிறார்! வந்து இறங்கியதிலிருந்து முந்தானையை இழுத்துச் சொருகி, அளந்து பேசி, பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் புளுகிக்கொண்டிருந்தவளுக்குத் தன் சொந்த அறைக்குள் வந்து உட்கார்ந்த சந்தோஷம். அது ஒரு மூச்சு நேரம்கூட நீடிக்கவில்லை. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு நெய் வாசம் வந்தது.

உருக்கிய வெண்ணெய்தான், சந்தேகமே இல்லை. டம்ளரில் இருந்ததைத் துளி நாக்கில் விட்டாள். எண்ணெய் தடவியதைப் போல வழுக்கிக்கொண்டு இறங்கியது.

லோகப்பிரியா அடுப்பு பக்கத்திலிருந்து வந்து குரலைத் தாழ்த்தினாள். “கீழ வரைக்கும் மணக்குது பாத்தியா? அதுதான் ஸ்பெசலுங்கறாரு. போர்டே அடிச்சாச்சு.”

போனில் படத்தைக் காட்டினாள். ஆள் உயரப் பலகை, பச்சையில் கோதுமைக் கதிர், கீழே கொட்டை எழுத்தில் ‘ஊத்துக்குளி நெய் மணக்கும் ஜெர்மன் கோதுமை பீர்’.

இதைச் செய்ய இந்த ஊர்க்காரரால்தான் முடியும். வேறு எந்த ஊர்க்காரரும் பீரில் நெய் வாசம் வந்தால் என்னவோ தப்பு என்று பயப்படுவார். நெய் மணந்தால் விருந்து என்று வளர்ந்தவருக்கு அது வரமாகத் தெரிந்திருக்கிறது. நொதிக்கும்போது ஈஸ்ட் இந்த வெண்ணெய் வாசத்தைப் பீரில் விட்டுவைக்கும். இன்னும் சில நாள் சூடு குறைக்காமல் விட்டால் அதுவே திரும்பத் தின்று சுத்தம் பண்ணிவிடும். அவசரப்பட்டுக் குளிர வைத்தால் ஈஸ்ட் தூங்கிப்போகும், வாசம் தங்கிப்போகும். போகப் போக இன்னும் ஏறவும் ஏறும். கோதுமை பீரில் கிராம்பு இருக்கலாம், வாழைப்பழம் இருக்கலாம், நெய் இருக்கக் கூடாது. அவளுடைய அறையில் என்றால் இந்தத் தொட்டி சாக்கடைக்குத்தான் போயிருக்கும்.

கிருபாசங்கரைப் போனில் கூப்பிட்டு மாடிப்படிக்கு வரச் சொன்னாள்.

“தொட்டியைக் குளிர வச்சதுல அவசரப்பட்டிருக்காருங்க. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க.”

“நானா? மச்சான் காய்ச்சினதை நல்லா இல்லைன்னு இந்த ஊட்ல ஆரு சொல்றது? அதுவும் விருந்துக்கு வந்தவர்கிட்ட?” அவன் மாடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “ராத்திரி ரயிலு நித்யா. பேசாம கெளம்பிரலாம். நாளைக்கு நீ உன்ற ஆபீஸ்ல இருப்பே.”

அவன் சொன்னது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. பெட்டியைக் காலையிலேயே கட்டிவைத்திருந்தாள். வாயைத் திறந்தால் பிஸ்கட் கம்பெனி போகும், அதோடு பெங்களூரும் போகும். எதற்கு வம்பு? சிங்க்குக்குத் திரும்பி வந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அப்படியே அடுத்த டம்ளரையும் கழுவியிருந்தால் இதில் சொல்வதற்கு ஒன்றுமிருந்திருக்காது. லோகப்பிரியா பக்கத்தில் வந்து நின்று துடைக்கத் தொடங்கினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“வெள்ளிக்கிழமைக்குப் பீரு தெரிஞ்ச பெரிய ஆளுகளையெல்லாம் கூப்பிட்டுருக்காரு. ஜெர்மன்காரன் ஒருத்தனும் வாரானாம். கோயமுத்தூர்க்காரனுக்கு என்ன தெரியும்னு சிரிச்சுப்போடுவாங்களோன்னு தூங்கறதே இல்ல நித்யா. இவரு நெத்தியைப் புடிச்சு உட்டுக்கிட்டு நானும் முழிச்சிருக்கறேன். நீயே சொல்லு, சிரிப்பாங்களா?”

சிரிப்பார்கள். அந்தப் பலகையைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிச் சிரிப்பார்கள். அவளுடைய அறையில் அவளோடு உட்காருகிறவர்களே சிரிப்பார்கள். அதை நினைத்ததும் நித்யஸ்ரீக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

கதவு திறந்ததும் செங்கோட்டையன் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாட்டில் மேல் போட்டார். துண்டுக்கு வெளியே பாட்டிலின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

“என்ன கண்ணு, மோரு இன்னும் வேணுமான்னு கேக்க வந்தியா?”

“இல்லீங்க மாமா. நான் பிஸ்கட் கம்பெனியில இல்லீங்க.”

கிருபாசங்கர் ஏசி ரிமோட்டைக் கையில் எடுத்து அதில் என்னவோ எழுதியிருப்பதைப் போலப் பார்க்கத் தொடங்கினான். அவள் நின்ற இடத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சொல்லச் சொல்ல மாமனாரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் துண்டின் கரையையே பார்த்தாள்.

“அப்ப அந்த பிஸ்கட்டு?” என்றார் செங்கோட்டையன் கடைசியில்.

“பேக்கரியில வாங்கினதுங்க மாமா.”

“அதான பாத்தேன். போன தடவை நமுத்துப்போயி வாயிலயே போக மாட்டேன்னுச்சு.”

“நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே மாமா?”

“சொல்லாம? நீ ஆசையாக் கொண்டாந்தது கண்ணு.”

சாய்குமாருக்கு இப்போதுதான் நாக்கு எழுந்தது. “பீரு கம்பெனின்னா, இதைப் பத்திச் சொல்லத்தான் வந்தியா அம்மணி?”

“ஆமாங்கண்ணா. ஒரு டம்ளர் ஊத்துங்க.”

மாமனார் முன்னால் மருமகள் பீர் டம்ளரைக் கையில் வாங்கினாள். பல்லடத்தில் இது எத்தனை வீட்டில் நடந்திருக்கும் என்று தெரியாது, நடந்ததாக யாரும் சொல்லப்போவதுமில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், சுழற்றினாள், முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள். பிறகு பேசியது வேறொருத்தி.

“நிறம் சரியா வந்துருக்குதுங்கண்ணா. நுரை அருமை. கிராம்பும் வாழைப்பழமும் சண்டை போடாம வருது. இத்தனை போதை இருந்தும் தொண்டையை எரிக்கல, அது லேசுல வராது. ஆனா நெய் வாசம் வருதுங்க. அது குறை.”

“நெய் வாசம் குறையா?” சாய்குமார் சிரிக்கப் பார்த்தார். “மாமாவே சொன்னாரு, கிருபாவும் சொன்னான், எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதான சொன்னீங்க?”

“எங்க ரூம்ல அந்த வார்த்தையை யாரும் சொல்லக்கூடாதுங்கண்ணா. நல்லா இருக்குதுன்னா ஒண்ணுமே சொல்லலைன்னு அர்த்தம். வெளிய சொல்ல முடியாதது என்னமோ உள்ள இருக்குதுன்னு அர்த்தம். எங்க ஊட்லயும் அப்படித்தாங்க. இவரு சமைச்சு நான் வெறும் நல்லா இருக்குன்னு சொன்னா, தட்டை எடுத்துட்டுப் போயி உப்புப் போட்டுக் கொண்டாருவாரு.”

கிருபாசங்கர் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினான்.

நம்புவார்களா? நம்பவில்லை. எனவே எல்லோரையும் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டு டம்ளரில் பீரை ஊற்றித் தட்டு போட்டு மூடினாள். ஒன்றைக் கொதி அடங்கிய வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கினாள், ஒன்றை அப்படியே வைத்தாள். உள்ளே ஒளிந்திருக்கிற வாசத்தைச் சூடு வெளியே கொண்டுவந்துவிடும், இன்னும் சில வாரத்தில் ஆகப்போவதை இப்போதே காட்டிவிடும் என்றாள். கோழிக் குழம்பு ஒரு பக்கம் கொதிக்க, மோர் என்று அழைக்கப்பட்ட பீர் இன்னொரு பக்கம் வெந்நீரில் உட்கார்ந்திருந்தது. குழந்தையம்மாள் தெரியாதவளாக இருக்க முடிந்தவரை இருந்து பார்த்தாள். வெந்நீரிலிருந்து எடுத்து ஆற வைத்த டம்ளரின் மூடியை நித்யஸ்ரீ திறந்ததும், அவள்தான் எல்லோருக்கும் முன்னால் மூக்கை நீட்டினாள்.

“ஏனுங்க, இது வெண்ணெய் காய்ச்சின சட்டி வாசமுங்க! இதைக் குடிக்கவா முடியும்?”

செங்கோட்டையன் முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார். சாய்குமார் இரண்டு டம்ளரையும் மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“தொட்டியை எப்பக் குளிர வச்சீங்கண்ணா?”

“சீக்கிரம்தான் அம்மணி. இன்னும் கொஞ்ச நாள் விடணும்னு புஸ்தகத்துல இருந்துச்சு. ஆடி பொறந்துருமேன்னு குளிர வச்சுப்போட்டேன்.”

“ஈஸ்ட்டுக்கு ஆடி தெரியாதுங்களே.”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. தொட்டியை மறுபடி வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்து, நொதித்துக்கொண்டிருக்கிற புதுப் பீரை அதில் கலந்து விட்டால், துடிப்பான ஈஸ்ட் மிச்சத்தைத் தின்றுவிடும். தேதியைப் பார்க்காமல் நாக்கைப் பார்த்துக் காத்திருந்தால் போதும், ஆவணியில் திறக்கலாம். இதை அவள் சொன்னபோது சாய்குமார் இரண்டு கையையும் கூப்பினார். “நீ மட்டும் சொல்லாம இருந்திருந்தா...” என்று தொடங்கி முடிக்க முடியாமல் மூக்கை உறிஞ்சினார். லோகப்பிரியா அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

நித்யஸ்ரீக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திட்டு விழவில்லை, குடி கெட்டது என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் முதல் தடவையாக அவள் அவளாகவே நின்றாள், வீடும் இடிந்து விழவில்லை. இதற்குப் போயா இத்தனை நாள் பிஸ்கட் சுமந்தோம் என்று நினைத்தாள்.

செங்கோட்டையன் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். போகும்போது மகனையும் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

இலை போட்டார்கள். வழக்கமாக ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண்கள். அன்றைக்கு மாமனார் தன் பக்கத்து இலையைத் தட்டிக் காட்டி, “கண்ணு, நீ இங்க உக்காரு” என்றார். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, இந்தப் பக்கம் மருமகள். எதிரே கிருபாசங்கர். குழந்தையம்மாள் சுடச்சுட அரிசிம்பருப்புச் சோற்றை வைத்துக்கொண்டே வந்தாள், பின்னால் லோகப்பிரியா நெய்க்கிண்ணத்தோடு.

“நான் ஒரு முடிவு பண்ணிப்போட்டேன்” என்றார் செங்கோட்டையன். குரலில் அத்தனை வாஞ்சை. “இத்தனை வித்தையைக் கையில வச்சுக்கிட்டு என்ற மருமக எதுக்கு அடுத்தவன் கம்பெனிக்குப் போயிச் சம்பளத்துக்கு உக்காரணும்? நம்ம மாப்ளையோட கடைக்கு நம்ம ஊட்டு நாக்கு இருக்கறப்ப? குஞ்சு வண்டி வாராவாரம் பெங்களூர் போயிட்டு வருது. பாட்டில் அதுல வந்துரும். நீ மேல் ரூம்ல ஏசியைப் போட்டு உக்காந்து பாத்து, போன்ல அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா தீந்துச்சு.”

“இங்கிருந்துங்களா மாமா?” என்றாள் நித்யஸ்ரீ. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

“இங்கதான். வெளியாளுக நடுவுல நீ உக்காந்து குடிச்சுப் பாக்கறேன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நம்ம ஊட்டுக்குள்ளன்னா ஆரு கேக்கறா? அந்த ரூமை உனக்குன்னே வெள்ளையடிச்சுத் தாரேன். உங்க ஆபீஸ்ல இருக்கற மாதிரியே.”

“இவருக்குப் பெங்களூர்லதானுங்க ஆபீஸ்...”

“அதுக்குத்தான் ஊட்ல இருந்தே வேலை பாக்கலாம்னு எப்பவோ சொல்லிட்டாங்களாம்ல? போன மாசமே கிருபா சொன்னானே. உன்ற வேலைக்காகத்தான் அங்க இருக்கறோம்னு சொன்னான்.”

போன மாதம். அவளிடம் இதை அவன் சொல்லவே இல்லை. நித்யஸ்ரீ எதிரே பார்த்தாள். கிருபாசங்கர் பருப்புச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான்.

“ரயில் டிக்கெட்டையும் வேண்டாம்னு பண்ணச் சொல்லிட்டேன்” என்றார் மாமனார். “உனக்குச் சந்தோசந்தான கண்ணு?”

எத்தனை தொட்டிகளை அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்! கோட்டு போட்ட ஆட்கள் முகம் சிவக்க எதிரே நின்றபோதும் சொல்லியிருக்கிறாள். அங்கே அது அவளுக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். இங்கே மாமனார் சோற்றைத் தொடாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கரண்டியோடு நின்று பெருமையாகப் பார்த்தாள். லோகப்பிரியாவின் கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. ஒருவர்கூட அவளுக்குக் கெட்டது நினைக்கவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு, இத்தனை பேரின் அன்பை எப்படித் தாண்டிப் போவது என்று தெரியவில்லை.

“நல்லா இருக்குதுங்க மாமா” என்றாள்.

சாய்குமார் சட்டென்று தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சற்று முன்னால்தான் அவளிடமே பாடம் கேட்டவர். அவர் வாய் லேசாகத் திறந்தது. பிறகு அவருக்குத் தன் தொட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்து சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

அவர் போகட்டும். நித்யஸ்ரீ தன் புருசனைப் பார்த்தாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். எத்தனை தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இப்போதும் வாங்கிக்கொண்டு போனால் போதும். அப்பா, அவளுக்கு இது பிடிக்கலைங்க என்று ஒரு வார்த்தை. கிருபாசங்கர் தலை நிமிர்ந்தான். அவள் கண்ணை நேராகப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினான்.

“அவளுக்கு ரொம்பச் சந்தோசமுங்கப்பா” என்றான்.

“அப்பறமென்ன!” செங்கோட்டையன் முதல் கவளத்தை உருட்டினார். “ஏ லோகு, என்ற மருமகளுக்கு நெய்யை நல்லா ஊத்து.”

குழந்தையம்மாள் மகளிடமிருந்து கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டு வந்தாள். உருக்கிய நெய்யின் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. கூடத்தில் கோழிக் குழம்பு இருந்தது, வாழையிலை இருந்தது, வாசலில் வேப்பமரம் இருந்தது. நித்யஸ்ரீயின் மூக்குக்கு அதில் ஒன்றும் எட்டவில்லை. சோற்றின் மேல் கையை விரித்துப் பிடித்தாள்.

“போதுமுங்க அத்தை.”

“ஒரு கரண்டி அம்மணி. கையை எடு.”

“வேண்டாமுங்க.”

“அட, எடு கண்ணு. ஆசையா ஊத்தறேன்ல?” குழந்தையம்மாள் சிரித்துக்கொண்டே கரண்டியைச் சாய்த்தாள். அவள் கையை எடுத்துவிடுவாள் என்றுதான் சாய்த்தாள். அந்த வீட்டில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள்.

சூடான நெய் புறங்கையில் விழுந்து விரல் இடுக்குகளில் வழிந்தது. மாமியார் ஐயோ என்று பதறிக் கரண்டியை நிமிர்த்தினாள். மாமனார் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினார். கிருபாசங்கர் பாதி எழுந்துவிட்டான்.

“கையை எடு நித்யா” என்றான்.

அவள் எடுக்கவில்லை.